வானசாஸ்திரி பெஸ்ஸல்

கருந்துளைகளைப் பற்றிய செய்திகள் இப்பொழுது பத்திரிகைகளில் அடிக்கடி வெளியாகின்றன. தன்னிடத்து விழுந்த ஒளியைக்கூட வெளியே விடாத ஒரு பொருளை வானசாஸ்திரிகள் எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள் என்ற கேள்வி நேயர்கள் மனத்தில் எழுவது இயல்பே. அதற்கு வெளிச்சம் கிடையாது. எத்தனை பெரிய தூரதர்சினியைத் திருப்பினாலும் அது தென்படாது. அப்படியிருக்க, இன்ன திசையில், இத்தனை தூரத்தில், இத்தனை சூரியர்களின் எடையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது என்று அவர்கள் அடித்துச் சொல்வது சாஸ்திரமா, வெறும் ஊகமா என்று ஒருவர் ஐயுற்றால் அவரை நாம் குறை கூறமாட்டோம். அந்த ஐயத்துக்கு நல்ல சமாதானம் ஒரு மனிதருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அவர் கருந்துளை என்ற பெயரைக் கேட்டறியாதவர், 1846-லேயே காலமாகிவிட்டவர். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு நட்சத்திரத்தைக் கணக்கினாலேயே பிடித்துக் காட்டிய முதல் மனிதர் அவரே. பிரடெரிக் வில்ஹெல்ம் பெஸ்ஸல் என்பது அவர் பெயர்.

பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்த மிண்டன் என்னும் ஊரில் 1784-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி பெஸ்ஸல் பிறந்தார். தகப்பனார் அரசாங்கத்தில் சிறு உத்தியோகஸ்தர். தாயார் ஒரு பாதிரியாரின் புதல்வி. வீட்டில் குழந்தைகள் ஒன்பது பேர். வருமானமோ சொற்பம். பள்ளிக்கூடத்தில் பெஸ்ஸல் பேர் வாங்கவில்லை. லத்தீன் பாஷை அவருக்கு வேப்பங்காயாக இருந்தது. அக்காலத்துப் பள்ளிக்கூடங்களிலோ லத்தீன் வராத பிள்ளைக்குக் கதி கிடையாது. ஆகவே பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கணக்கு மட்டும் நன்றாக வந்தது. கணக்கு வருகிற பிள்ளையை வர்த்தகத்தில் விடுவது எந்தத் தேசத்திலும் உள்ள வழக்கந்தானே! 1799-ல் பிரேமன் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் செய்த ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் சம்பளமின்றித் தொழில் பழகுவதாக ஒப்பந்தம் செய்து கொடுத்து அவரைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பையன் பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற வானசாஸ்திரியாவான் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், பெற்றோர் சிரித்திருப்பார்கள்.

பகலெல்லாம் பேரேடு எழுதுவதும், இரவில் படிப்பதுமாக நாட்கள் கழிந்தன. கணக்கில் அவருக்கிருந்த சாமர்த்தியத்தைக் கண்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் இல்லாதபோதிலும் சிறு சம்பளம் கொடுக்கத் தொடங்கினர். வர்த்தகக் கப்பலில் சரக்குக்குப் பொறுப்பாளராகத் தூர தேசங்களுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகப் பூகோளம் படித்தார். இங்கிலீஷும் ஸ்பானிஷும் கற்றார். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையையும் தெரிந்துகொள்ள விரும்பினார். அதற்கு நட்சத்திரங்களின் நிலை தெரியவேண்டும். நட்சத்திரங்களின் நிலையைத் தெரிந்துகொள்ள வானசாஸ்திரம் வேண்டும். வானசாஸ்திரத்துக்கு உயர்ந்த கணிதம் வேண்டும். இவ்வாறு ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போய், கப்பலேறும் ஆசையே மறந்துபோயிற்று. அவர் கடைசிவரை அந்தத் தூர தேசங்களைப் பார்க்கவில்லை.

அக்காலத்தில் பிரேமன் நகரில் ஓல்பர்ஸ் என்ற வைத்தியர் இருந்தார். பகலில் நோயாளிகளையும் இரவில் வானத்தையும் பார்த்து வந்தவர் அவர். 1802-ல் பல்லாஸ் என்ற சிறு கிரகத்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். 1804-ல் இருபது வயது நிரம்பிய கம்பெனிக் குமாஸ்தா ஒருவர் அவரைச் சந்தித்து, தாம் எழுதிய கட்டுரை ஒன்றைப் பார்வையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டார். ஹாலி வால்நட்சத்திரம் 1607-ல் தோன்றியபோது இங்கிலாந்தில் ஹாரியட் என்பவர் எடுத்துவைத்த குறிப்புகளைக்கொண்டு அதன் பாதையைப் புதிதாகக் கணித்த கட்டுரை அது. அதை வாசித்த ஓல்பர்ஸ் வியப்படைந்தார். டாக்டர் பட்டத்துக்காகச் சர்வகலாசாலையில் எழுதப்படும் நூலுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததாக இல்லை. உடனே அதைப் பத்திரிகையில் பிரசுரிக்க ஏற்பாடு செய்தார். வானசாஸ்திரத்துக்குத் தாம் செய்த தொண்டுகளில் தலைசிறந்தது பெஸ்ஸலைக் கண்டெடுத்ததே என்று ஓல்பர்ஸ் பிற்காலத்தில் சொல்லி மகிழ்வதுண்டாம். பிறர் திறமையைக் கண்டு பொறாமைப்படாமல் கைதூக்கி விடும் பெரியோர் எந்தக் காலத்திலும் அருமையாகவே இருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, இந்த வைத்தியருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

1806-ல் ஒப்பந்தம் முடியும் தருணத்தில் கம்பெனியார் அவருக்கு நல்ல சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். பெஸ்ஸல் அதை விட்டுவிட்டு, பிரேமனுக்கு அருகில் லிலியந்தால் என்ற கிராமத்தில் ஷ்ரோட்டர் என்பவர் சொந்தமாக வைத்திருந்த வானாராய்ச்சி நிலையத்தில் சொற்ப சம்பளத்துக்கு உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார்.

லிலியந்தாலில் அவர் எடுத்துக்கொண்ட வேலை புறப்பார்வைக்குச் சுவையற்றது. இங்கிலாந்தில் கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தில் தலைவராயிருந்த பிராட்லி என்பவர் 1750 முதல் 1762 வரையில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் நிலையை அளந்து குறித்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அந்தக் குறிப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் சிக்கி, நெடுங்காலம் முடங்கிக் கிடந்து, கடைசியில் அச்சாயின. ஆனால் அச்சான எண்களை அப்படியே உபயோகிக்க முடியாது. பூமியின் வாயு மண்டலம் நட்சத்திரத்தின் ஒளியை வளைக்கிறது. பூமி ஓடிக்கொண்டே இருப்பதால் நட்சத்திரம் சிறிது இடம் மாறித் தோன்றுகிறது. பூமியின் அச்சோ பம்பரத்தின் தலைபோல் மெதுவாக ஆடுகிறது. கருவியின் உலோகம் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தத்தைக் கணித்துக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் உண்மையான நிலை கிடைக்கும். 3,222 நட்சத்திரங்களுக்கு இவ்வேலையைப் பெஸ்ஸல் செய்தார். பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1818-ல் அது புத்தகமாக வெளிவந்தது. 1755-ம் வருஷத்து வானம் இவ்வாறு இருந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய முதல் பட்டியல் அதுவே. அறுபது வருஷத்துப் பழைய குறிப்புகளை உட்கார்ந்து திருத்துவதில் என்ன லாபம் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். லாபம் 1844-ல் தெரிந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இதற்கிடையில் பெஸ்ஸலின் வாழ்க்கையில் பெரிய மாறுதல் ஏற்பட்டது. பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம், கோனிக்ஸ்பர்க் நகரில் புதிதாக வானாராய்ச்சி நிலையம் ஒன்று கட்டத் தீர்மானித்து, 1809-ல் இருபத்தைந்து வயதான பெஸ்ஸலை அதன் தலைவராக நியமித்தார். பிரஷ்யா அப்பொழுது இருந்த நிலையை நேயர்கள் கவனிக்கவேண்டும். 1806-ல் நெப்போலியனிடம் தோற்று, 1807-ல் டில்ஸிட் உடன்படிக்கையினால் பாதி ராஜ்யத்தைப் பறிகொடுத்து, கப்பம் கட்ட முடியாமல் தத்தளித்துக்கொண்டிருந்த தேசம் அது. அரசரே தலைநகரை விட்டுக் கோனிக்ஸ்பர்க்கில் ஒதுங்கி இருந்தார். அந்த வேளையில் நட்சத்திரம் பார்ப்பதற்குக் கட்டடம் எழுப்பினார்கள்! கஜானா நிரம்பிய பிறகு கல்வியைக் கவனிக்கலாம் என்று தள்ளிப்போடும் ஆட்சியாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய விஷயம் இது. சர்வகலாசாலையில் கால் வைத்தறியாதவர், டாக்டர் பட்டம் இல்லாதவர், எப்படிப் பேராசிரியராகலாம் என்று ஒரு தடை எழுந்தது. கணித மேதை காஸின் சிபார்சின் பேரில் கோட்டிங்கன் சர்வகலாசாலையார் அந்தப் பட்டத்தைக் கொடுத்து வாயை அடைத்தார்கள். 1813-ல் கட்டடம் முடிந்தது. அதே வருஷத்தில் லிலியந்தால் கிராமத்தைப் பிரெஞ்சுப் படையினர் கொளுத்தினார்கள். பெஸ்ஸல் தமது எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் கோனிக்ஸ்பர்க்கிலேயே கழித்தார். பின்னாளில் பெர்லினுக்கு வரும்படி அழைப்பு வந்தபோதும் போகவில்லை.

கோனிக்ஸ்பர்க்கில் அவர் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் நிலைகளை நிர்ணயித்தார். கிரகங்கள் ஒன்றையொன்று இழுப்பதனால் உண்டாகும் மாறுதல்களை ஆராய்ந்தபோது அவர் ஒழுங்குபடுத்தி வகுத்த கணிதச் சார்புகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன; பௌதிகமும் பொறியியலும் படிக்கும் மாணவர்கள் அவற்றை நன்கறிவார்கள். கிழக்குப் பிரஷ்யாவை நில அளவை செய்து, பூமியின் வடிவத்துக்கு அவர் கொடுத்த அளவு பல தேசங்களின் படங்களுக்கு ஆதாரமாயிற்று. இவற்றைப் பற்றி இங்கே விரிக்கப் புகவில்லை. அவருடைய மனப்பான்மையைக் காட்டும் வேறொரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

எந்தக் கருவியும் இரண்டு தடவை செய்யப்படுகிறது என்பது பெஸ்ஸலின் கொள்கை: முதலில் பட்டறையில் பித்தளையாலும் எஃகாலும் தொழிலாளி செய்கிறான், பிறகு அதன் பிழைகளையெல்லாம் அளந்து கணக்கில் எழுதி வானசாஸ்திரி செய்கிறான். கருவிக்குப் பிழை உண்டென்றால் அதைப் பிடித்திருக்கும் மனிதனுக்கு இல்லையா? 1796-ல் கிரீனிச்சில் நடந்த சம்பவம் ஒன்று அவர் கவனத்துக்கு வந்தது. அங்கே தலைவராயிருந்த மாஸ்கலைன், கின்னிபுரூக் என்ற உதவியாளரை வேலையினின்று நீக்கிவிட்டார். நட்சத்திரம் தூரதர்சினியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டே குறிப்பது அக்கால வழக்கம். கின்னிபுரூக் குறித்த நேரம் தலைவர் குறித்ததைவிட ஒரு விநாடியில் பத்தில் எட்டுப் பங்கு எப்பொழுதும் பிந்தியிருந்தது. எச்சரித்தும் திருந்தவில்லை. ஆகவே போகச் சொல்லிவிட்டார். மாஸ்கலைன் கெட்ட எண்ணத்துடன் செய்ததாக நாம் கூறமாட்டோம். தம் கண்ணும் காதும் அளவுகோல் என்று அவர் நம்பினார். எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

பெஸ்ஸல் நம்பவில்லை. தேர்ந்த வானசாஸ்திரிகளுடன் தாமே உட்கார்ந்து ஒரே நட்சத்திரங்களை மாறி மாறிப் பார்த்து நேரங்களை ஒப்பிட்டார். ஒரு விநாடிக்கு மேலாகவே வித்தியாசம் இருந்தது. தினந்தோறும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. கின்னிபுரூக்கிடம் சோம்பலும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் இயற்கையாக அமைந்த ஒரு தாமதம் உண்டு என்பது வெளியாயிற்று. அன்று முதல் வானசாஸ்திரிகள் தங்களையும் ஒரு கருவியாகப் பாவித்துத் தங்கள் பிழையையும் கணக்கில் கழிக்கலாயினர். பாவம், கின்னிபுரூக் இதற்கு வெகு காலம் முன்பே, 1802-ல், இறந்துவிட்டார்.

பிழையை வேட்டையாடும் இந்தக் குணந்தான் 1838-ல் பெஸ்ஸலுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால், ஆறு மாத இடைவெளியில் அருகிலுள்ள நட்சத்திரம் சிறிது இடம் பெயர்ந்து தோன்றவேண்டும். இந்தப் பெயர்ச்சியைக் கோபர்னிகஸ் காலம் முதல் முந்நூறு வருஷங்களாகத் தேடியும் யாராலும் ஐயத்துக்கு இடமின்றி அளக்க முடியவில்லை. பெஸ்ஸல், சிக்னஸ் எனப்படும் அன்ன மண்டலத்தில் 61 என்ற எண்ணுள்ள மங்கலான நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிரௌன்ஹோபர் என்ற சிற்பியின் பட்டறையிலிருந்து வந்த ஒரு கருவியை உபயோகித்தார். அதன் கண்ணாடி நடுவில் இரு பாதியாக அறுக்கப்பட்டிருக்கும். பாதிகளை நகர்த்தி இரு நட்சத்திரங்களின் பிம்பங்களைப் பொருத்தினால் அவற்றின் இடைவெளியை நுட்பமாக அளக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் இரவு இரவாக அளந்தார். ஒரு பாகையை 3,600 கூறு செய்தால் ஒரு கூறு விகலை எனப்படும். அவருக்குக் கிடைத்த விடை ஒரு விகலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தைப் பத்து மைலுக்கு அப்பால் வைத்துப் பார்ப்பதற்கு அது சமானம். அதிலிருந்து அந்த நட்சத்திரம் சூரியனைப் போல் ஆறரை லட்சம் மடங்கு தூரத்தில் இருக்கிறதென்று கணித்தார். அதாவது ஒளி சுமார் பத்து வருஷத்தில் கடக்கும் தூரம். இன்றைய கணக்கு 11.4 வருஷம். மனிதன் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை நம்பத்தகுந்த முறையில் அளந்தது அதுவே முதல் தடவை.

இந்த வெற்றிக்குப் பின் அவருக்குச் சுகமான காலம் வரவில்லை. 1840-ல் ஓல்பர்ஸ் காலமானார். அதே வருஷத்தில் பெஸ்ஸலின் மகன் இருபத்தாறு வயதில் இறந்தான். அவருடைய சரீரமும் தளரத் தொடங்கியது. அந்த நிலையில்தான் அவர் தம் வாழ்க்கையின் மிகத் துணிகரமான முடிவுக்கு வந்தார்.

தை மாதத்து இரவில் திருவாதிரைக்குத் தென்கிழக்கே பளிச்சென்று எரியும் ஸிரியஸ் நட்சத்திரத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். வானத்தில் அதனினும் ஒளி மிக்க நட்சத்திரம் கிடையாது. அது வருஷத்துக்கு ஒரு விகலைக்குச் சற்று அதிகமாக வானத்தில் நகர்கிறது. துணையின்றித் தனித்துச் செல்லும் நட்சத்திரம் நேர்க்கோட்டில் ஒரே வேகத்தில் செல்லவேண்டும். பிராட்லியின் 1755-ம் வருஷத்து நிலையையும், பின்வந்தவர்கள் கண்ட நிலைகளையும், தாமே அளந்தவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஸிரியஸ் அப்படிச் செல்லவில்லை என்று பெஸ்ஸல் கண்டார். நீர்ப்பாம்பு நெளிந்து செல்வதுபோல அது இப்புறமும் அப்புறமும் ஒதுங்கிச் சென்றது. பிரோஸியான் என்ற மற்றொரு நட்சத்திரமும் அவ்வாறே செய்தது. வித்தியாசம் மிகமிகச் சிறிது. வேறொருவராயிருந்தால் பழைய குறிப்புகளில் ஏதோ தவறு என்று தள்ளியிருப்பார். ஆனால் அந்தக் குறிப்புகளின் தவறுகளை இளமை முதல் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழித்தவர் பெஸ்ஸல் அல்லவா? கருவியின் பிழை, காற்றின் பிழை, கண்ணின் பிழை எல்லாம் போய் மீதி நிற்பது எது? அது நட்சத்திரத்தினுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

நம் குழந்தைகள் தட்டாமாலை சுற்றுவதைப் பாருங்கள். இரண்டு பேர் கை கோத்துப் பின்னுக்குச் சாய்ந்து சுழல்கிறார்கள். ஒரு குழந்தை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சாய்ந்தும் விழாமல் சுழல்வதைப் பார்த்த மாத்திரத்தில், இன்னொரு குழந்தை கையைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சுழலும் வேகத்தையும் வட்டத்தின் அகலத்தையும் கொண்டு அந்த இன்னொரு குழந்தை எவ்வளவு கனம் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஸிரியஸுக்கும் பிரோஸியானுக்கும் கண்ணுக்குத் தெரியாத துணை ஒவ்வொன்று இருக்கிறது என்று 1844-ல் பெஸ்ஸல் வெளியிட்டார். ஸிரியஸ் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகும் என்றும் மதிப்பிட்டார். ஒளி வீசுவது பொருளின் இன்றியமையாத குணமல்ல என்பது அவருடைய வாதம். எண்ணற்ற நட்சத்திரங்கள் ஒளிவிடுகின்றன என்பதனால், ஒளிவிடாதவையும் எண்ணற்று இருக்கலாகாது என்று ஏற்படாது.

அக்காலத்து வானசாஸ்திரிகள் எல்லோரும் இதை உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. எவரும் காணாத ஒன்றை, விகலையின் சிறு பின்னங்களை நம்பி, உண்டென்று சொல்வது அவர்களுக்குத் துணிச்சலாகப்பட்டது. பெஸ்ஸல் தம் முப்பது வருஷத்துப் பெயரை அதன்மேல் வைத்திருந்தார். யுரேனஸ் கிரகம் கணக்குக்கு ஒத்து நடக்காமல் இருந்ததையும் அவர் கவனித்து, அதை இழுக்கும் வேறொரு கிரகத்தைத் தேட எண்ணி ஓர் உதவியாளரிடம் கணக்கை ஒப்புவித்திருந்தார். அந்த இளைஞர் 1840-ல் இறந்துபோனார். பெஸ்ஸலுக்கும் தேக பலம் இல்லை. 1846 மார்ச் 17-ந் தேதி அவர் காலமானார். ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 23-ந் தேதி, லெ வெரியேயின் கணக்கைக்கொண்டு பெர்லினில் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. ஸிரியஸின் துணை தென்படவோ இன்னும் பதினாறு வருஷங்கள் செல்லவேண்டியிருந்தது.

1862 ஜனவரி 31-ந் தேதி அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் என்ற கண்ணாடித் தொழிலாளி, தாமும் தம் தகப்பனாரும் செய்த பதினெட்டரை அங்குலக் கண்ணாடியைச் சோதிப்பதற்காக ஸிரியஸைப் பார்த்தார். அதன் பக்கத்தில் மங்கலான ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணாடியில் குற்றமோ என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும். குற்றமல்ல, கணக்கின்படி எங்கே இருக்கவேண்டுமோ அங்கேதான் அது இருந்தது. பிரோஸியானின் துணை 1896-ல் அகப்பட்டது.

ஸிரியஸின் துணை முற்றிலும் இருண்ட பொருள் அல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். ஸிரியஸின் ஒளியில் பதினாயிரத்தில் ஒரு பங்களவு அதற்கு உண்டு. ஆனால் அது வேறு விதத்தில் உலகைத் திகைக்க வைத்தது. எடையில் சூரியனுக்குச் சமானமான அது, உருவத்தில் பூமியளவே இருக்கிறது! எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன இத்தகைய நட்சத்திரத்துக்கு வெண்குறளி என்று பெயர். இவ்வாறு சுருங்குவதற்கு எல்லை உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்ரமண்யன் சந்திரசேகர். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ளது வெண்குறளியாக நிலைத்து நிற்க முடியாது என்று அவர் கணக்குக் காட்டிற்று. அந்த எல்லையைத் தாண்டியதன் கதி என்ன? சில நியூட்ரான் நட்சத்திரங்களாகின்றன. அதற்கும் மிஞ்சியவை, சுமார் மூன்று சூரியர்களின் எடைக்கு மேற்பட்டவை, எதனாலும் தாங்கப்படாமல் உள்ளுக்குள்ளேயே விழுந்து கருந்துளைகளாகின்றன. 1930-ல் எழுதத் தொடங்கிய ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு 1983-ல் கிடைத்தது.

இங்கே ஒரு பழைய செய்தியைக் குறிப்பிடவேண்டும். இங்கிலாந்தில் யார்க்ஷயர் கிராமம் ஒன்றில் பாதிரியாராயிருந்த ஜான் மிச்செல், சூரியனைப் போன்ற அடர்த்தியும் அதனினும் ஐந்நூறு மடங்கு குறுக்களவும் உள்ள ஒரு நட்சத்திரத்திலிருந்து ஒளி தப்ப முடியாது என்று எழுதினார். அதைக் காண முடியாவிட்டாலும், அதைச் சுற்றும் வேறு நட்சத்திரம் இருந்தால் அதன் ஓட்டத்தைக்கொண்டு அறியலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அக்கட்டுரை 1783-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் வாசிக்கப்பட்டு, பெஸ்ஸல் பிறந்த 1784-ம் வருஷத்தில் அச்சாயிற்று. மிச்செல் வழியைச் சுட்டினார். அந்த வழியில் முதலில் நடந்தவர் பெஸ்ஸல்.

முதல் கருந்துளை அகப்பட்டதும் இவ்வாறுதான். 1964-ல் ராக்கெட்டில் அனுப்பிய கருவி ஒன்று அன்ன மண்டலத்திலிருந்து எக்ஸ்-கதிர்கள் வருவதைக் கண்டது. பெஸ்ஸலின் 61-ம் நட்சத்திரம் உள்ள அதே மண்டலம். அந்த இடத்தில் இருந்த பெரிய நீல நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து 1971-ல் ஆராய்ந்தார்கள். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் சாயும். அவை 5.6 நாளுக்கு ஒருமுறை இப்படியும் அப்படியும் சாய்ந்தன. துணை ஒன்று அதைச் சுழற்றுகிறது. அந்தத் துணை ஒளியின் வாயிலாகத் தென்படவில்லை. எடையோ நியூட்ரான் நட்சத்திரத்துக்கு உரிய எல்லையைக் கடந்தது. நீல நட்சத்திரத்திலிருந்து இழுக்கப்படும் வாயு அதில் விழுமுன் கோடிக்கணக்கான பாகை சூடேறுவதனால்தான் எக்ஸ்-கதிர்கள் கிளம்புகின்றன. ஸிக்னஸ் எக்ஸ்-1 என்ற அதன் எடை இருபத்தொரு சூரியர்கள் என்று 2021-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். 1971-ல் இந்த வேலையைச் செய்த இரு கூட்டத்தாரில் ஒருவர், ஒரு காலத்தில் பிராட்லி தலைமை வகித்த கிரீனிச் ராயல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள்.

நமது பால்வீதியின் மத்தியிலும் இதே கதை. அங்கே எஸ்2 என்ற நட்சத்திரம் பதினாறு வருஷத்துக்கு ஒருமுறை வெற்றிடம் போல் தோன்றும் ஓரிடத்தைச் சுற்றி வருகிறது. மிக அருகில் வரும்போது விநாடிக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதை அப்படி ஓட்டுவதற்கு நாற்பது லட்சம் சூரியர்களுக்கு மேற்பட்ட எடை வேண்டும். இதை அளந்த கென்ஸெல், கெஸ் என்ற இருவரும் 2020-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கருந்துளைகள் மோதும்போது எழும் ஆகர்ஷண அலைகளை 2015 முதல் கேட்கிறார்கள். 2019-ல் எம்87 என்ற அண்டத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழலைக் காட்டும் படத்தையும் வெளியிட்டார்கள். இவை புதிய வழிகள். இவற்றைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

பெஸ்ஸலின் வழி அப்படியே திரும்பவும் வந்ததைச் சொல்லி நிறுத்துவோம். எல்லாக் கருந்துளையும் எக்ஸ்-கதிர் வீசாது; வாயுவை விழுங்காமல் சும்மா இருப்பதற்கு அடையாளமே இல்லை. ஐரோப்பியர்கள் 2013-ல் அனுப்பிய கையா என்ற விண்கலம் 2025 ஜனவரி வரையில் இருநூறு கோடி அளவான நட்சத்திரங்களின் நிலைகளைத் திரும்பத் திரும்ப அளந்தது. 61-ம் நட்சத்திரத்துக்குப் பெஸ்ஸல் கண்ட பெயர்ச்சியைத்தான் அது இத்தனைக்கும் கண்டது. நேர்க்கோட்டினின்று நெளியும் நட்சத்திரங்களையும் பொறுக்கியெடுத்தது. 2022-ல் அவற்றுள் ஒன்று, சூரியனை ஒத்த ஒரு சாதாரண நட்சத்திரம், சுமார் 186 நாளுக்கு ஒருமுறை காணாத துணையைச் சுற்றி நெளிவது தெரிந்தது. துணையின் எடை ஒன்பது பத்துச் சூரியர்கள். ஸிரியஸின் துணையைப்போல அது என்றாவது ஒருநாள் கண்ணாடியில் புள்ளியாகத் தெரியும் என்று காத்திருக்கவேண்டியதில்லை. அத்தனை எடையுள்ள நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தால் சூரியனை ஒத்த அந்தத் துணைவனை மறைத்துப் பிரகாசித்திருக்கும். 1,560 ஒளி வருஷ தூரத்தில் உள்ள அதைவிட நமக்கு அருகில் வேறு கருந்துளை அன்றுவரை அகப்பட்டதில்லை. 2024-ல் திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில், 11.6 வருஷத்துக்கு ஒருமுறை நெளியும் ஒரு நட்சத்திரத்தைக்கொண்டு முப்பத்து மூன்று சூரியர்களின் எடையுள்ள இன்னொன்றைப் பிடித்தார்கள்.

கோனிக்ஸ்பர்க் இப்பொழுது கலினின்கிராட் என்ற பெயரில் ருஷ்யாவில் இருக்கிறது. பெஸ்ஸல் முப்பத்துமூன்று வருஷம் இரவு விழித்த கட்டடம் 1944 ஆகஸ்டில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று.